தாயின் பங்கில் விடுபட்ட புள்ளி



சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்திற்கு நான் தவறான பாகப்பிரிவினைக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். சட்டம் தெரியாமல் நேர்ந்த தவறன்று அது. பதினெட்டு ஆண்டுகளாக மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்தி வருபவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தச் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆயினும் என் கையெழுத்திட்டு நான் கொடுத்த தாளில் ஒரு தாய்க்கு இரு மடங்கு பங்கு போயிருந்தது. அவருடைய பிள்ளைகள் மூவரின் பங்கும் குறைந்திருந்தது. காரணம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி என் கண்ணில் படாமல் போனதற்கு, எந்தக் கருவியில் எழுதுவது என்பதில் நான் காட்டிய பிடிவாதமும் ஒரு காரணம். அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். தொகையை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். பாகம் பிரிக்க வேண்டியவர்கள் அஸருக்குப் பின் மதரஸாத் திண்ணையில் வந்து அமர்வார்கள். மவுத்தானவர் யார், யார் யார் இருக்கிறார்கள், கடன் உண்டா, வஸிய்யத் உண்டா என்று கேட்டு, ஒரு தாளில் மூலம் கண்டு, பங்கு பிரித்துக் கொடுப்பேன். பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான். ஆனால் பேரன் பேத்திகள், ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வாரிசுகள் பெருகும்போது இரண்டு மூன்று தாள்கள் கிழிபடும். இதை ஒரு நிரலாக எழுதி வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

இந்த எண்ணம் புதிதொன்றும் அன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் கலீஃபா மஃமூன் காலத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ எழுதிய அல்ஜப்ர் நூலின் பின்பாதி முழுவதும் வஸிய்யத்தும் வாரிசுரிமையும் பற்றிய கணக்குகளே. இன்று கணினித் துறையார் நாள்தோறும் உச்சரிக்கும் அல்காரிதம் என்னும் சொல் அவர் பெயரிலிருந்து பிறந்தது. இதை மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே எனக்கும் ஆசை வந்துவிட்டது போலும்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்தாள். தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் 2019 முதல் அந்த வகுப்புக்குப் பைத்தான் மொழிதான் பாடம். அவள் பொதுத் தேர்வு எழுதி முடித்ததும் அந்தத் தமிழ்வழிப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். இரவில் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் படிப்பேன். பைத்தானில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து, நிரலுக்குள் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர்களை ‘மாறி’ என்பார்கள். ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரெழுதிய டப்பா என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனவே மனைவி_பங்கு, மகள்_பங்கு, தாய்_பங்கு என்று அழகான தமிழில் பெயரிட்டு எழுதத் தொடங்கினேன்.

எழுதியது நோட்பேடில். அதுவும் எப்படிப்பட்ட மடிக்கணினியில் தெரியுமா? 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் சுற்றில் என் அக்காள் மகனுக்குக் கிடைத்தது. அவன் மலேசியாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போனான். மின்கலம் செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அதில் நோட்பேட் திறக்கும், பைத்தான் ஓடும். அவ்வளவு போதும் என்றிருந்தேன்.

மகள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவளுக்கென்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய மடிக்கணினி ஒன்றை என் மைத்துனர் வாங்கி வந்தார். புதிதாய் வாங்கலாம், மாதத் தவணை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வட்டியில்லாத் தவணை என்று எழுதியிருந்ததை முழுவதும் படித்துப் பார்த்தேன். கட்டணம் என்ற பெயரில் அது உள்ளே ஒளிந்திருந்தது. கைமாற்று வாங்கிப் பழையதையே ரொக்கமாக வாங்கினோம். அதில் அவள் பைசார்ம் என்றொரு மென்பொருளை நிறுவினாள். நிரல் எழுதுவதற்கென்றே உள்ள ஒருங்கிணைந்த சூழல் அது. ஆங்கிலத்தில் சுருக்கமாக ஐடிஇ என்கிறார்கள். எழுதுமிடம், ஓட்டிப் பார்க்குமிடம், பிழை தேடுமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும், தவறினால் அடிக்கோடிடும். பணம் கட்டி வாங்கும் பதிப்பின் பூட்டை உடைத்துத் தருவதாகத் தெரிந்த பையன் ஒருவன் சொன்னான். அது அடுத்தவர் உடைமை என்று மறுத்துவிட்டோம். இலவசப் பதிப்பே அவள் படிப்புக்குத் தாராளம்.

நான் அதை விரும்பவில்லை. ‘‘படிக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா இது? நோட்பேட்ல எழுது. தப்பு வந்தா நீயே தேடு. அப்பதான் மனசுல நிக்கும்’’ என்றேன்.

‘‘அத்தா, ஆஃபீஸ்ல எல்லாரும் இதுலதான் எழுதுறாங்க.’’

‘‘நாங்க படிச்சப்ப இதெல்லாம் இருந்துச்சா?’’

நான் சொன்னது 1999ஆம் ஆண்டைப் பற்றி. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்தேன். நீலத் திரையில் மஞ்சள் எழுத்து, டர்போ சி. மகள் கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். போர்லாண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட அந்த டர்போ சியே அந்தக் காலத்து ஐடிஇதானாம்! அதற்கும் முன்னோடி 1983இல் அதே நிறுவனம் கொண்டுவந்த டர்போ பாஸ்கல். எழுதுமிடத்தையும் மொழிமாற்றியையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்ததுதான் அதன் புகழுக்கே காரணமாம். ஆக, நான் கஷ்டப்பட்டுப் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த கருவியே வசதிக்காகச் செய்யப்பட்ட கருவி. மனிதன் தன் இளமைக்காலத்துச் சலுகைகளைச் சலுகைகளாக நினைப்பதில்லை.

ஆனாலும் விட்டேனில்லை. பெருநாளுக்கு ஊர் வந்திருந்த, பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி ஒருவரைச் சாட்சிக்கு இழுத்தேன். அவர் விம் என்னும் உரைத் திருத்தியில் எழுதுபவர். பில் ஜாய் என்பவர் 1976இல் எழுதிய விஐ என்ற திருத்தியின் வழிவந்தது அது. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991இல் அதை வெளியிட்டார். விலை கேட்கவில்லை, பயன்படுத்துவோர் மனம் இருந்தால் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். 2023இல் அவர் இறக்கும்வரை அந்த வேண்டுகோள் அப்படியே இருந்தது. இதைக் கேட்டதும் எனக்கு விம் மீது தனி மரியாதை உண்டாயிற்று. ஆனால் அந்தத் தம்பி எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லவில்லை. ‘‘ஹஜ்ரத், விம்மும் நோட்பேடும் ஒண்ணு இல்ல. என் விம்முலயும் பிழை காட்ட வேண்டியதெல்லாம் நானே சேர்த்து வச்சிருக்கேன். இருபது வருஷப் பழக்கம். நோட்பேட் உங்களுக்கு ஒண்ணும் சொல்லாது’’ என்றார்.

நோட்பேட் ஒன்றும் சொல்லாது என்பதைத்தான் நான் சிறப்பென்று கருதிக்கொண்டிருந்தேன். அதற்கு எனக்குள் ஒரு மதரஸாக் காரணம் இருந்தது. எங்கள் ஓதலில், கிதாபில் ஜபர், ஜேர், பேஷ் எதுவும் இருக்காது. இபாரத்தை மாணவனே இலக்கணத்தை யோசித்துச் சரியான உயிர்க்குறியோடு வாசிக்க வேண்டும். தவறினால் உஸ்தாத் பேசமாட்டார். பார்வையை மட்டும் உயர்த்துவார். மீண்டும் வாசிக்க வேண்டும். நஹ்வும் ஸர்ஃபும் அப்படித்தான் எங்கள் எலும்பில் ஏறின. குறியிட்ட கிதாபைக் கையில் கொடுத்தால் பையன் கிளிப்பிள்ளையாகிவிடுவான் என்பது எங்கள் உஸ்தாதின் நம்பிக்கை. எனக்கும் அதுவே நம்பிக்கை.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள்: ‘‘அப்ப குர்ஆன்ல ஏன் அத்தா ஜபர் ஜேர் போட்டிருக்கு?’’

பதில் எனக்குத் தெரியும். பாடமாக நடத்தியிருக்கிறேன். உஸ்மான் (ரலி) காலத்து முஸ்ஹஃபுகளில் ஹரகத்தும் இல்லை. பா, தா, ஸா எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகளும் இல்லை. நெஞ்சில் மனனமாய் இருந்தவர்களுக்கு அவை தேவைப்படவில்லை. பிறகு அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மக்கள் இஸ்லாத்திற்குள் வந்தனர். அத்தவ்பா அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தில் ஒரு சொல்லின் இறுதிக் குறியை ஒருவர் மாற்றி ஓத, பொருளே தலைகீழாகிப்போனதைக் கேட்டு அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) நடுங்கிப்போனதாகவும், அதன் பின்னரே உயிரொலிகளைக் குறிக்க வண்ணப் புள்ளிகளை இட ஏற்பாடு செய்ததாகவும் வரலாறு சொல்கிறது. எழுத்துகளைப் பிரிக்கும் புள்ளிகளை நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் ஆகியோரோடு சேர்த்துச் சொல்வார்கள். இன்று நாம் காணும் ஜபர், ஜேர், பேஷ் வடிவங்கள் 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மதின் கொடை. இந்தக் குறிகளைத் தொடக்கத்தில் விரும்பாத பெரியோர்களும் இருந்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், பிள்ளைகள் ஓதிப் படிக்கும் பிரதிகளில் இட்டால் குற்றமில்லை, மூலப் பிரதிகளில் வேண்டாம் என்று கருதியதாக அறிவிக்கப்படுகிறது.

இத்தனையும் தெரிந்திருந்தும் மகளிடம், ‘‘அது வேற, இது வேற’’ என்று சொல்லி எழுந்துவிட்டேன். வீட்டில் வாதத்தை முடிப்பதற்கு ஆண்கள் கையாளும் சொற்றொடர் அது.

நிரலை முடித்தேன். சோதித்தும் பார்த்தேன். ஃபராயிள் ஓதியவர்களுக்கு மிம்பரிய்யா என்ற மஸ்அலா தெரிந்திருக்கும். ஒருவர் மனைவியையும் இரண்டு மகள்களையும் தாயையும் தந்தையையும் விட்டுச் செல்கிறார். மூலம் 24. மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4. கூட்டினால் 27 வந்துவிடும். எல்லோர் பங்கையும் விகிதப்படி குறைத்து 27ஆகப் பிரிக்க வேண்டும். இதற்கு அவ்ல் என்று பெயர். மிம்பரில் நின்றுகொண்டிருந்த அலீ (ரலி) அவர்களிடம் இது கேட்கப்பட, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று பேச்சின் ஓட்டத்திலேயே விடை சொன்னார்கள் என்பர். என் நிரலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே விடையைச் சொன்னது. நோட்பேடில் எழுதிய ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றிரவு மகளிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

அதற்குப் பின் ஒரு வரி சேர்த்தேன். இங்கேதான் சட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனப்படி, இறந்தவருக்குப் பிள்ளை இருந்தால் தாய்க்கு ஆறில் ஒன்று. பிள்ளை இல்லையெனில் மூன்றில் ஒன்று. ஆனால் பிள்ளை இல்லாவிட்டாலும் உடன்பிறந்தோர் இருந்தால் மறுபடியும் ஆறில் ஒன்றுதான். இதற்கு உடன்பிறந்தோர் இருவர் போதுமா, மூவர் வேண்டுமா என்பதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குத் தனிக் கருத்து உண்டு. பெரும்பாலோர் இருவர் போதும் என்பர். என் நிரலில் தாய்_பங்கு என்ற டப்பாவில் முதலில் மூன்றில் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். பிள்ளை இருந்தால் அதை ஆறில் ஒன்றாக மாற்று என்று ஒரு வரி. அது சரியாக இருந்தது. மிம்பரிய்யா அந்த வழியே போனதால்தான் விடை சரியாக வந்தது. உடன்பிறந்தோருக்கான வரியைப் பிறகு, மின்சாரம் இருமுறை போய்வந்த ஓர் இரவில் எழுதினேன். அதில் தாய்_பங்கு என்பதற்குப் பதில் தாய_பங்கு என்று எழுதிவிட்டேன். யகரத்தின் மேல் புள்ளி இல்லை.

டர்போ சியாக இருந்திருந்தால், இப்படி ஒரு பெயரை எனக்கு யாரும் அறிமுகம் செய்யவில்லையே என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி நின்றிருக்கும். பைத்தான் அப்படியில்லை. புதுப் பெயரைக் கண்டால் புது டப்பா ஒன்றைச் செய்து, சொன்ன மதிப்பை அதில் போட்டுவிட்டு அமைதியாகப் போய்விடும். ஆறில் ஒன்று அந்தப் புது டப்பாவில் கிடந்தது. பழைய டப்பாவில் மூன்றில் ஒன்று அப்படியே இருந்தது. பங்கு பிரிக்கும்போது நிரல் திறந்து பார்ப்பது பழைய டப்பாவை. நோட்பேடோ இரண்டையும் ஒரே கறுப்பு எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், படிப்பவரே இட்டுப் படித்துக்கொள்வார் என்று சொல்வதுண்டு. நானும் அப்படித்தான் இல்லாத புள்ளியை மனத்தால் இட்டுப் படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும்.

இந்நிலையில்தான் அந்தக் குடும்பம் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த, திருமணமாகாத இளைஞர் அங்கேயே வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தந்தை முன்பே காலமாகிவிட்டவர். இருப்பவர்கள் தாய், இரண்டு சகோதரர்கள், ஒரு சகோதரி. கடனெல்லாம் தீர்த்த பின் 9,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மஃரிபுக்கு இன்னும் சிறிது நேரமே இருந்தது. மடிக்கணினியைத் திறந்து எண்களைத் தட்டினேன். தாய்க்கு 3,00,000. சகோதரர்களுக்குத் தலா 2,40,000. சகோதரிக்கு 1,20,000. கூட்டிப் பார்த்தேன், 9,00,000 சரியாக இருந்தது. தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுத் தொழப் போனேன்.

கூட்டல் சரியாக வந்ததுதான் என்னைக் கெடுத்தது. தாய்க்கு எவ்வளவு கொடுத்தாலும், மீதி எதுவோ அதை உடன்பிறந்தோருக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நிரல் பிரித்துவிடும். ஆகவே கூட்டுத்தொகை எப்போதுமே பொருந்தும். கையால் போட்டிருந்தால் ‘சகோதரர் இருவர், சகோதரி ஒருவர்’ என்று எழுதும்போதே என் பேனா தாய்க்கு ஆறில் ஒன்று என்று தானாக எழுதியிருக்கும். அன்று என் கை எழுதவில்லை, தட்டியது. அவர்களும் கேட்கவில்லை. மகனை இழந்த தாய்க்கு அதிகம் வந்ததைப் பார்த்து எந்தப் பிள்ளை ஏனென்று கேட்கும்?

பன்னிரண்டு நாள் கழித்து மகள் விடுமுறைக்கு வந்தாள். பைசார்மில் என் நிரலைத் திறந்து காட்டினால் நான் மனம் மாறுவேன் என்று அவளுக்கு ஓர் எண்ணம். பென்டிரைவில் எடுத்துப் போனாள். அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

‘‘அத்தா, இந்த ஒரு சொல்லு மட்டும் ஏன் மங்கிக் கிடக்குது?’’

போய்ப் பார்த்தேன். மற்றச் சொற்களெல்லாம் தெளிவாக இருக்க, ஒரே ஒரு சொல் சாம்பல் பூசினாற்போல் மங்கியிருந்தது. அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனாள். இந்த மாறியில் இட்ட மதிப்பு எங்குமே பயன்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வந்தது. திரைக்கு அருகில் குனிந்தேன். புள்ளி இல்லை.

‘‘சின்னப் பிழைதானே அத்தா, போட்டுடறேன்’’ என்று அவள் புள்ளியை இட்டாள். சொல் சட்டென்று மற்றவற்றைப் போல் தெளிவாயிற்று. நான் அந்த இளைஞரின் வாரிசுகளை உள்ளிடச் சொன்னேன். தாய்க்கு 1,50,000, சகோதரர்களுக்குத் தலா 3,00,000, சகோதரிக்கு 1,50,000. என் முகத்தைப் பார்த்ததும் அவள் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. வாதத்தில் வென்றதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கருவியின் மீது பழிபோட மனம் ஒரு வழி தேடியது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் புள்ளியைச் சரியாக இட்டு, ஆறு என்பதற்குப் பதில் மூன்று என்று தவறாக எழுதியிருந்தால் பைசார்மும் மங்கியிருக்காது. அதற்கு அந்நிஸாவின் வசனம் தெரியாது; பயன்படாத பெயர் எது என்று மட்டும் தெரியும். முஸ்ஹஃபில் ஜேர் போட்டிருப்பதாலேயே ஒருவனுக்குப் பொருள் விளங்கிவிடுவதில்லை அல்லவா, அதைப்போல. என் உஸ்தாத் பயந்தது முழுவதும் பொய்யன்று. ஆனால் அவர் பார்வையை உயர்த்துவாரே, அந்தப் பார்வை எனக்கு நோட்பேடில் கிடைக்கவில்லை. குறியில்லாக் கிதாபை நாங்கள் தனியே வாசித்ததில்லை. எதிரே ஒருவர் அமர்ந்திருந்தார். அவரை எடுத்துவிட்டு, குறியில்லாத தாளை மட்டும் நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபஜ்ருக்குப் பின் பள்ளிவாசல் இமாமை அழைத்துக்கொண்டு அந்த வீட்டிற்குப் போனேன். பணம் பிரித்தாகிவிட்டது, தாயின் வங்கிக் கணக்கில் மூன்று லட்சமும் ஏறிவிட்டது. கணினி தவறு செய்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினால் அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டிருப்பார்கள். நான் எழுதியது தவறு, என் பிழை என்று சொன்னேன். மூத்த மகன், ‘‘பரவாயில்ல ஹஜ்ரத், அம்மாகிட்டதானே இருக்கு, இருக்கட்டும்’’ என்றார். இளையவரும் தலையசைத்தார்.

அந்தத் தாய் வாசற்படி ஓரம் அமர்ந்திருந்தவர், ‘‘எம்புள்ள சம்பாதிச்சது. அல்லா எனக்கு எவ்வளவு வச்சானோ அவ்வளவு போதும். மேக்கொண்டு ஒரு காசு வேணாம், அவனுக்கு அது பாரமாயிரும்’’ என்றார். குரல் உயரவில்லை.

மகன்கள் தர விரும்பினால் தடையில்லை என்று விளக்கினேன். ஆனால் தவறான கணக்கைத் தொடரவிட்டுக் கொடுப்பது ஆகாது. அவரவர் பங்கு முதலில் அவரவர் கைக்கு வர வேண்டும். பிறகு மனமுவந்து ஹிபாவாகத் தாய்க்குக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஒருவர் கொடுத்தார் என்பதற்காக மற்றவர் கொடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இதைச் சொல்லும்போது சகோதரியின் பக்கம் பார்க்காமலே சொன்னேன். அவருக்குச் சேர வேண்டிய 30,000 ரூபாய்தான் இந்த வீட்டில் யாருக்கும் பெரிதாகத் தெரியாத தொகை. ஆனால் கணவர் வீட்டில் அவருக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

பழைய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதிய தாளை நீட்டினேன். கையால் ஒருமுறையும் நிரலில் ஒருமுறையும் போட்டுப் பார்த்து, இமாமும் சரிபார்த்துக் கையொப்பமிட்ட தாள். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்: முதலில் கை, பிறகு பைசார்ம், பிறகு இன்னொருவர் கண். அந்தப் பழைய மடிக்கணினியைத் தட்டச்சுப் பழக மதரஸாப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். மகள் ஊரில் இருக்கும் நாட்களில் அவளுடையதில் எழுதுகிறேன். இவ்வாண்டு முதலாம் வகுப்பு மாணவர்களுக்கு ஹரகத் இட்ட கிதாபையே கொடுத்திருக்கிறேன். மூத்த ஆசிரியர் ஒருவருக்கு இதில் வருத்தம்.

புதிய தாளை மூத்தவர் வாங்கிப் பார்க்காமலே மடிக்கப் போனார். சகோதரி கையை நீட்டி அதை வாங்கினார். தன் கைப்பேசியில் கணக்கிடும் செயலியைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

‘‘அம்மாவுக்கு ஏன் ஆறுல ஒண்ணு ஹஜ்ரத்?’’ என்று கேட்டார்.

பன்னிரண்டு நாளைக்கு முன் யாரும் கேட்காத கேள்வி அது. திண்ணையில் மீண்டும் அமர்ந்து, சொல்லத் தொடங்கினேன்.